எழுந்து பேசியவள்

அந்த ஃபைனான்ஸ் கம்பெனியின் திருப்பதிக் கிளையில் தினமும் காலையில் கூட்டம் நடக்கும். வசூல் டார்கெட்டை முடித்தவர்கள் நாற்காலியில் உட்காரலாம். முடிக்காதவர்கள் சுவரோரம் நிற்க வேண்டும். மேனேஜர் ஹரிபாபு கொண்டுவந்த வழக்கம் அது. நிற்பவர்களின் பெயரை அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, உட்கார்ந்திருப்பவர்கள் கை தட்ட வேண்டும். தட்டாதவர் மறுநாள் சுவரோரம்தான்.

தாட்சாயணி பிச்சாட்டூர்க்காரி. கூடப் படித்தவர்கள் சென்னைப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போனபோது, இவள் திருப்பதியில் ஹாஸ்டல் பிடித்து இங்கே சேர்ந்தாள். அவள் நைனா கூலிக்குப் போகிற இடத்திலெல்லாம், மகள் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து வேலை செய்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தான் சுவரோரம் நின்ற நாட்களைப் பற்றி அவள் ஊரில் மூச்சு விட்டதில்லை.

கிளையில் வயதில் மூத்தவர் நகரிக்காரரான சின்னசாமி. வீங்கிய முழங்காலோடு டூவீலரில் கிராமம் கிராமமாகச் சுற்றுகிறவர். ஒரு சனிக்கிழமைக் கூட்டத்தில், சுவரோரம் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். பின்னறையில் படுக்க வைக்கச் சொல்லிவிட்டு, ஹரிபாபு விட்ட இடத்திலிருந்து பெயர்களைத் தொடர்ந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். தாட்சாயணியும் தட்டினாள்.

அன்று மாலை டீக்கடையில் எல்லோரும் கொதித்துப்போயிருந்தார்கள். ஹைதராபாத்திலிருந்து பெரிய அதிகாரி வரப்போகிறார், அவரிடம் சொல்லிவிடுவது என்று முடிவாயிற்று. யார் ஆரம்பிப்பது என்றதும் பேச்சு அடங்கிப்போனது.

"நீ நல்லா பேசுவம்மா. நீ ஆரம்பி, பின்னாடியே நான் எழுந்துக்கிறேன்" என்றார் சின்னசாமி.

அதிகாரி வந்தார். கூட்டத்தின் முடிவில், ஏதாவது குறை உண்டா என்று ஒப்புக்குத் தெலுங்கில் கேட்டார். தாட்சாயணி எழுந்தாள். நிற்க வைப்பதையும், கை தட்டச் சொல்வதையும், சின்னசாமி விழுந்ததையும் சொல்லி முடித்தாள். வேறு யாராவது பேசுகிறீர்களா என்று அதிகாரி கேட்டார். யாரும் அசையவில்லை. அவர் சின்னசாமியையே நேராகப் பார்த்துக் கேட்டார்.

"அன்னிக்கு காலைல ஒண்ணும் துன்னாம வந்துட்டேன் சார். அதான் தலை சுத்திடுச்சு" என்று அவர் தெலுங்கில் சொன்னார். தாட்சாயணி இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகு அவளை யாரும் திட்டவில்லை. ஹரிபாபுகூட முன்பைவிட மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் மத்தியானம் அவள் டிபன் பாக்ஸோடு வந்தால் பெஞ்சில் இடம் இருக்காது. டீக்கடைக்கு அவளை விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். கொஞ்ச நாளில் சூளூர்பேட்டைக்கு மாற்றல் வந்தது. வழியனுப்ப யாரும் வரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒற்றையாகப் பஸ் ஏறினாள்.

சூளூர்பேட்டையில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓர் அறை கிடைத்தது. அந்தக் கிளை மேனேஜர் சாது. ஆனால் அவளைப் பற்றிய பேச்சு அவளுக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்திருந்தது. அவள் உள்ளே வந்தால் சிரிப்பு அடங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைத்துக் காயப்போட்ட பிறகு அவளுக்குப் பேச ஆள் கிடையாது. அம்மா போன் செய்தால், எல்லாரும் நல்லா பழகுறாங்க என்பாள்.

மழைக்காலம் முடியும்போது சின்னசாமி போன் செய்தார். இதையும் அதையும் விசாரித்துவிட்டு, "இப்ப யாரையும் நிக்க வைக்கிறதில்லம்மா. மேல இருந்து ஆர்டர் வந்துச்சு. எல்லாரும் உக்காந்துக்கினுதான் பேசறோம்" என்றார்.

"எப்படிண்ணா வந்துச்சாம்?"

"பெரிய சாருக்கு நல்ல மனசுன்னு பேசிக்கிறாங்க."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

பொண்ணு காலேஜ்ல படிக்குதும்மா என்றார் அவர். அவள் சரிண்ணா என்று வைத்துவிட்டாள். அவர் மேல் கோபம் வருமென்று காத்திருந்தாள், வரவில்லை. யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனாள். யாரையும் கூப்பிடத் தோன்றவில்லை.

மறுநாள் மத்தியானம் ஆபீசில் அவளும் புதிதாகச் சேர்ந்த சுமித்ராவும் மட்டும் இருந்தார்கள். சுமித்ரா தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அக்கா, திருப்பதில நீங்கல்லாம் சேந்து மேனேஜர் மேல கம்ப்ளெயின்ட் பண்ணீங்களாமே, நெஜமா?"

தாட்சாயணி சாப்பாட்டில் வைத்த கையை எடுத்தாள்.

"சேந்து இல்ல. நான் மட்டும்தான்" என்றாள்.

சுமித்ரா தலையாட்டிவிட்டு வாசல் பக்கம் பார்த்தாள். வெளியே போயிருந்தவர்கள் பேசிக்கொண்டே படியேறி வரும் சத்தம் கேட்டது. அவள் தன் டிபன் பாக்ஸை மூடி எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.