விழுந்து பார்த்த துரை

ஸ்காட்லாந்துக்காக ரக்பி ஆடிய டன்பார் துரை, சங்ககிரிப் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு மேனேஜராக வந்ததும் மில் ஆட்களுக்கு அந்த ஆட்டத்தைப் பழக்கினார். பந்தோடு ஓடுகிறவனைக் கட்டிப்பிடித்து விழும்போது கையை ஊன்றாமல் தோள்பட்டையில் விழ வேண்டும் என்று சொல்லித்தந்தார். அப்படியே விழுந்த பச்சமுத்துவுக்குத் தோள் எலும்பு முறிந்துபோனது.

துரை அவனைப் பார்க்க வீட்டுக்குப் போனார். பச்சமுத்துவின் மனைவி மாரக்காள் மோர் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க தொரை, உங்கூர்லயும் இப்படித்தான் உழுந்து வெளையாடுவீங்களா?"

"ஆமா. அங்கே எப்பவும் மழை. தரை சேறா இருக்கும்."

"இந்தக் கட்டாந்தரையில ஒருக்காவாச்சும் உழுந்து பாத்தீங்களா?"

"சும்மா இரு புள்ள," என்றான் பச்சமுத்து. "தொரை விசில் ஊதறவரு. அவருக்கு எதுக்கு இந்த அடியெல்லாம்?"

துரை மோரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் மைதானத்தில், சடையன் என்ற மில் ஆளிடம் பந்தைக் கொடுத்து ஓடச் சொன்னார். பாய்ந்து பிடித்து, தான் சொல்லித்தந்தபடியே தோளில் விழுந்தார். வெகுநேரம் அவரால் எழ முடியவில்லை.

தூக்கிவிட்டவர்களிடம், "ஏர் கொண்டாந்து முதல்ல இந்த மண்ணைக் கிளறுங்க," என்றார்.

இதைப் பச்சமுத்துவிடம் போய்ச் சொல்ல மட்டும் அவருக்குக் கால் வரவில்லை.