நாலாவது முக்கு

“ஒரு சேஃப்டி பின் குடும்மா” என்று பரீட்சை ஹாலில் மேடம் கேட்டார். மெகராஜ் பேகம் எதற்கென்று தெரியாமலே துப்பட்டாவில் குத்தியிருந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் அவளுடைய கிராஃப் கால்குலேட்டரைக் கவிழ்த்து, முதுகிலிருந்த சின்ன ஓட்டையில் பின்னை விட்டு அழுத்தினார். “மெமரி இருந்தா அழிச்சிட்டுத்தான் விடணும். ரூல்ஸ்.” கால்குலேட்டர் கைக்குத் திரும்பி வந்தபோது திரை கழுவிவிட்ட சிலேட்டு மாதிரி இருந்தது.

அதற்குள் ஃபார்முலா எதுவும் இல்லை. தேர்தான் இருந்தது.

போன வருஷம், தொண்ணூற்று நாலில், ஷார்ஜாவிலிருந்து ஜமால் அண்ணன் அனுப்பிய கால்குலேட்டர் அது. நாலு வருஷமாகியும் அவனுக்குத் தேரோடும் ஆடி மாதத்தில் லீவு கிடைக்கவில்லை. ‘இந்த வருஷம் தேர் எந்த முக்குல நின்னுச்சு?’ என்று கேட்காமல் ஒரு கடிதத்தையும் முடிக்கமாட்டான். ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் அத்தாவின் செருப்புக்கடை. தேரன்றைக்குக் கடைப் பந்தலை அவிழ்த்துப் போட்டுவிட்டு வடம் பிடிக்க ஓடுகிற முதல் ஆள் அவன்தான். அவனுக்காக மூன்று மாதம் கிருஷ்ணன்கோவில் காலேஜ் பஸ்ஸில் உட்கார்ந்து வரிவரியாகப் புரோகிராம் அடித்துச் செய்த விளையாட்டு. கறுப்புக் கட்டம்தான் தேர். இடது பட்டன் இடது சக்கரத்துக்கு அடியில் கொடுத்துத் தேரைத் திருப்பும் முட்டுக்கட்டை, வலது பட்டன் வலதுக்கு. ரத வீதியின் மூன்று முக்கிலும் நன்றாகத் திரும்பும். நாலாவதில் மட்டும் எப்போது அமுக்கினாலும் தேர் நேரே கடைக்குள் புகுந்துவிடும். அண்ணன் வெள்ளிக்கிழமை வருகிறான். இன்றைக்குப் புதன். எங்கும் எழுதி வைக்கவில்லை.

இருந்த ஒரே சாதா கால்குலேட்டரைக் கூடப் படிக்கும் ஆவுடையம்மாளிடம் கொடுத்திருந்தாள். ஹாலில் மாற்றிக்கொள்ள விடமாட்டார்கள். அதனால்தான் இதைக் கொண்டுவந்தாள்.

பஸ்ஸில் ஆவுடையம்மாள் இடித்தாள். “ஏட்டி, எம்புட்டு நேரம் உம்முனு வருவ? பேப்பர் கஷ்டமா?”

“தேரு போச்சு ஆவுட. அழிச்சிட்டாவ.”

ஆவுடையம்மாள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். பென்சிலில், நெருக்கி நெருக்கி, அத்தனை வரியும் இருந்தது.

“நீ பஸ்ல ஒறங்குறப்ப பாத்து எழுதிக்கிட்டேன். எங்கிட்ட மிஷினு இல்லைல. வீட்ல கட்டம் போட்ட பேப்பர்ல நானே ஓட்டிப் பாப்பேன்.”

“பேப்பர்ல தேரா? கிறுக்கி!”

“ஒன் தேரு மட்டும் என்ன ஒழுங்கு? செருப்பு வாங்கவா உங்கத்தா கடைக்குள்ள போவுது?” அவள் விரல் நாலாவது முக்குக்கான வரியில் நின்றது. ஓர் எண்ணை அடித்துவிட்டு வேறு எழுதியிருந்தாள். “இது என் கைவேலை. முக்குக்கு வந்த பொறவு கட்டை போட்டா சக்கரம் கேக்காதுன்னு எங்கய்யா சொல்லுவாரு. அவரு தேருக்குக் கட்டை போடுறவருல்லா. முன்னாடியே குடுக்கணுமாம். நீ அதுக்கு எடமே வைக்கல.”

மெகராஜ் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை வருஷமும் அவள் தேரைக் கடை வாசலிலிருந்துதான் பார்த்திருக்கிறாள். சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்து ஒருநாளும் பார்த்ததில்லை.

போகையிலும் வருகையிலும் ஒருத்தி வாசிக்க ஒருத்தி அடித்தாள். பஸ் குலுங்கி எழுத்து தப்பினால் அழித்து மறுபடி அடித்தாள். கடைசி வரி வெள்ளிக்கிழமை காலையில்தான் ஏறியது. “ஓட்டிப் பாப்பமாடி?” என்றாள் ஆவுடையம்மாள். “வேணாம். மொதல்ல அண்ணன் ஓட்டட்டும்.”

சாயங்காலம் ஜமால் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. கடை பெஞ்சில் உட்கார்ந்து கால்குலேட்டரை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். முதல் முக்கு, இரண்டு, மூன்று. செருப்பு வாங்க வந்தவர் ஒருவரும் எட்டிப் பார்த்து நின்றுவிட்டார்.

“அடுத்தது நம்ம முக்குல்ல? எப்பட்டி அமுக்கணும்?”

“இந்தா இப்பமே. முக்கு வர முன்னாடியே, அண்ணே!”

கறுப்புக் கட்டம் கடையைப் பார்த்து மூக்கை நீட்டியது. அவன் பெருவிரல் பட்டனில் இறங்கியது. பெஞ்சுக்கடியில் அவனுடைய இரண்டு குதிகாலும், வடத்தைப் பிடித்தவன் மாதிரி, தரையில் அழுந்தி ஊன்றின.