செவ்வாய்க்கிழமை உறை பிரிப்பவர்

இறந்து நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்த பிறகும், லிஃப்ட் மெக்கானிக் ஓகுமுரா குனிஹிரோ புது ராக் ஆல்ப சிடிகளின் கண்ணாடித்தாள் உறையைப் பிரிப்பதை நிறுத்தவில்லை. ஜப்பானின் நகோயா நகரத்து இமாய்கே பகுதியில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வருஷம் முட்டை விலை ஏறியதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

உயிரோடிருந்தபோதும் அவர் அப்படித்தான். புது ஆல்பம் புதன்கிழமை வெளியாகும் என்றால் கடைக்குச் செவ்வாய் மாலையே வந்துவிடும். எண்ணெய்க்கறை படிந்த வேலைச் சட்டையோடு போய் நிற்பார். பழைய பாட்டையே கேட்டுக்கொண்டிருப்பவன் கிழவன் என்பது அவர் கட்சி. யாருமே கேள்விப்படாத குழுவின் முதல் ஆல்பம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்து, இயர்போனின் ஒரு முனையைத் தன் காதில் செருகி, மறு முனையை மனைவி இகுயோவிடம் நீட்டுவார்.

"இந்த ஒரு பாட்டை மட்டும் கேளேன்."

"அப்புறம். அடுப்புல வேலையா இருக்கேன்ல?"

இருபத்தாறு வருஷம் அடுப்பில் வேலை இருந்தது. பிறகு ஒரு பிப்ரவரி மாதத்துத் திங்கட்கிழமை, தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்து அவர் போய்விட்டார். மறுநாள் வரவேண்டிய ஆல்பத்தைக் கடைக்காரப் பெண் மோமோசே, பச்சைச் சாயம் பூசிய தலையோடு, சாவு வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாள்.

இகுயோ அதைப் புத்தர் மாடத்தில், அவர் படத்துக்கு முன்னால், பானையின் முதல் கரண்டிச் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தாள். காலையில் கண்ணாடித்தாள் நாலாக மடிக்கப்பட்டிருந்தது. இயர்போனின் ஒரு முனை அவள் உட்காரும் திண்டின் மேல் கிடந்தது. அவள் அதைச் சுருட்டி எடுத்து வைத்துவிட்டு அழுதாள். வாராவாரம் இதுவே நடந்தது. கோயில் குருக்களிடம் சொன்னபோது, "படைச்சதை எடுத்துக்கிறாருன்னா நல்லதுதானேம்மா," என்றார்.

அவர் என்ன பாட்டுக் கேட்டார் என்பது இகுயோவுக்கு முக்கியமில்லை. ஆள் வீட்டில் இருக்கிறார், அது போதும். ஆனால் பழைய ஆல்பம் வைத்தால் உறை பிரியாது. சுமாரான குழு என்றாலும் பிரியாது. அந்த வாரம் முழுக்க வீடு வெறிச்சென்று கிடக்கும். அந்தப் பயத்தில் அவள் புதுக் குழுக்களைத் தேடி அடித்தள இசையரங்குகளுக்குப் போகத் தொடங்கினாள். எந்தக் குழுவுக்காக எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்கு வைப்பதற்காக, வாசலில் எல்லோரையும் கேட்பார்கள்.

"எந்தக் குழுவப் பாக்க வந்தீங்க?"

"எது புதுசோ அது," என்பாள். வாசல் பையன்கள் தலையைச் சொறிவார்கள்.

மூன்றாம் வருஷம் நவம்பரில், சுருதி சேராத கிடாரோடு மூன்று பெண்கள் பாடினார்கள். இகுயோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு முன்னால் போய் நின்றாள். அவர்கள் கையாலேயே விற்ற ஆல்பத்தை வாங்கியவளுக்கு வீடு போய்ச் சேரும்வரை பொறுக்கவில்லை. சுரங்க ரயில் நிலையத்து பெஞ்சிலேயே உறையைக் கிழித்து, பையில் இருந்த அவருடைய சிடி பிளேயரில் முழுவதும் கேட்டாள், முடிந்ததும் மறுபடி கேட்டாள். அப்புறம்தான் உறைத்தது. படைக்குமுன் தானே எடுத்துத் தின்றதுபோல் ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்து படத்தின் முன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டாள். காலையில் இயர்போன் வைத்த இடத்திலேயே இருந்தது. அடுத்த செவ்வாய் வைத்த ஆல்பமும் பிரியவில்லை. அதற்கடுத்ததும் அப்படியே.

"அவருக்குப் பிடிக்கலையோ என்னமோம்மா," என்றாள் மோமோசே.

"அவரு பாட்டுக் கேக்கவாடி வந்தாரு? என்னைக் கேக்க வைக்க வந்தாரு. கேட்டுட்டேன். போயிட்டாரு." கடை நடுவில் நின்று இகுயோ வாய்விட்டு அழுதாள்.

செய்தி பரவியதும் அண்டை அயலார் மறுபடியும் கறுப்பு உடை உடுத்தி வந்து துக்கம் விசாரித்தார்கள். குருக்களும் இன்னொரு தடவை மந்திரம் ஓதினார். முறைப்படி எல்லாம் நடந்தது.

இகுயோ இன்றும் செவ்வாய் மாலை கடைக்குப் போகிறாள். நகத்தால் தானே உறையைப் பிரித்து, ஒரு முனையைக் காதில் செருகி, மறு முனையைப் படத்துக்கு நேரே நீட்டுகிறாள்.

"ஏங்க, இந்த ஒரு பாட்டை மட்டும் கேளுங்களேன்."

பாட்டு முடியும்வரை அவள் கையை இறக்குவதில்லை.