எட்டாவது வாரத்து ரத்தம்

பிறந்த ஆட்டுக்குட்டியின் ரத்தம் கஞ்சப் பிறவி. பிராணவாயுவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு லேசில் விடாது. இரண்டு மாதத்துக்குள் அந்தப் பிடி தானாகத் தளர்ந்துவிடும். கிடாய்க்குட்டியிலும் பெட்டைக்குட்டியிலும் அது ஒரே வேகத்தில் தளர்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. நைஜீரியாவின் சொக்கோட்டோ நகர ஆய்வகத்தில் ரத்தத்தைச் சோதிக்கும் கருவியோடு மல்லுக்கட்டுவது நான். வாராவாரம் ஃபுலானி இடையர்களின் கிடைக்குப் போய் ரத்தம் எடுத்து வருவது அஸாபே, பள்ளி நாள் முதல் என் கூட்டாளி.

ஆடுகள் தக்கோ அக்காவுடையவை. கல்யாணத்தின்போது தாய் கொடுத்தவை பெருகிப் பதினெட்டுத் தாயாடுகளாகியிருந்தன. புருஷனுக்குக்கூட அதில் பங்கில்லை. ரத்தம் எடுக்க முதலில் அவள் ஒப்பவே இல்லை. ஏதாவது கெடுதல் என்றால் நானே மருந்தோடு வந்து நிற்பேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் தலையாட்டினாள். பத்துக் குட்டிகளின் காதில் எண் போட்ட தோடு மாட்டினோம்.

எட்டாவது வாரம் ஏழு குட்டிகளின் ரத்தம் மறுபடியும் பிறந்த அன்றைய ரத்தமாக வந்தது. கருவிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று அஸாபே சிரித்தாள். நானும் மடத்தனமாக அதைத்தான் திட்டினேன். இரண்டு முறை கழுவி, என் ரத்தத்தையே வைத்துப் பார்த்தேன். கருவி ஒழுங்காகத்தான் இருந்தது. மறுநாள் அவளிடம் சொல்லாமல் வாடகை மோட்டார் சைக்கிளில் கிடைக்குப் போனேன்.

நான்கு தாயாடுகள்தான் நின்றன. என்னைக் கண்டதும் பாலோடு வரும் தக்கோ அக்கா அன்று எழுந்திருக்கவில்லை.

“ஆடுங்களுக்குக் கழிச்சலும் இருமலும் வந்த அன்னைக்கே உன் கூட்டாளிகிட்ட சொன்னேன் தங்கச்சி,” என்றாள். “மறுவாரம் வந்து, உன்கிட்ட சொல்லிட்டதா சொன்னா. ரத்தம் எடுத்தா அப்படித்தான் இருக்கும், தானா சரியாயிடும், வெளிய சொல்ல வேணாம்னு நீ சொன்னியாம்.”

செத்த ஏழு குட்டிகளின் தோடுகளைக் கழற்றி, ஆற்றுக்கு அக்கரைக் கிடையில் புதிதாகப் பிறந்த குட்டிகளுக்கு மாட்டியிருக்கிறாள் அஸாபே; அதையும் தக்கோ அக்காதான் சொன்னாள். ஆட்டுக்கொல்லி நோய் என்று ஒரு வார்த்தை வெளியே போனால் அதிகாரிகள் கிடையை முடக்கிவிடுவார்கள், ஆராய்ச்சி நின்றுவிடும், அதை நம்பி அவளுக்குக் காத்திருந்த வெளிநாட்டுப் படிப்பும் போய்விடும். பத்தொன்பது வருட சிநேகம். படிப்புக்காக ஆடுகளைச் சாகவிட்டதைக்கூட என்றாவது மன்னித்திருப்பேனோ என்னவோ. என் பேரைச் சொல்லி தக்கோ அக்காவை ஏமாற்றியதை மன்னிக்கவே மாட்டேன்.

நான் அப்படிச் சொல்லவில்லை, எனக்கு ஒன்றுமே தெரியாது என்றேன். சொல்லும்போதே அது என் காதுக்கே பொய்யாகப் பட்டது. அஸாபேயைக் கைபிடித்து இந்தக் கிடைக்குக் கூட்டி வந்தவள் நான்தானே.

“இதுக்குத் தடுப்பூசி இருக்கா?” என்று தக்கோ அக்கா கேட்டாள்.

“இருக்குக்கா.”

“அப்பவே போட்டிருந்தா?”

“பாதிக்கு மேல பிழைச்சிருக்கும்.”

அவள் எழுந்து போய், உயிரோடிருந்த மூன்று குட்டிகளில் ஒன்றைத் தூக்கி வந்தாள். என் முன்னால் உட்கார்ந்து, வாராவாரம் பிடித்துக்கொடுப்பது போலவே அதன் கழுத்தைத் திருப்பிக் காட்டினாள்.

“வந்தது வந்துட்ட. இதோட ரத்தத்தையும் எடுத்துக்கிட்டுப் போ.”