எட்டு மணி நேரச் சாலை

சென்னியப்பனுக்கு அன்றைக்கு எட்டு மணி நேரச் சாலைதான் கொடுத்திருந்தார்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு அது முடிந்தது. முன் சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் தார் நின்றுவிட்டது. அதற்கு அப்பால் மண் இல்லை. பள்ளமும் இல்லை. சாலை இல்லை, அவ்வளவுதான்.

அவர் வண்டியை நிறுத்தினார். முப்பது வருஷமாக லாரி ஓட்டுகிறவருக்கு இது புதிதல்ல. ஒரு டிரைவர் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் ஓட்டலாம். பிறகு பத்து மணி நேரம் ஓய்வெடுத்தால் மீதிச் சாலை தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். மற்ற நாட்களில் அவரும் வண்டிக்கு அடியில் தூளி கட்டிப் படுத்துவிடுவார்.

இன்றைக்குப் படுக்க முடியாது. பின்னால் டிரெய்லரில் ஒரு புளியமரம் நின்றுகொண்டிருந்தது. சாலையை அகலப்படுத்துவதற்காக வேரோடு பெயர்த்த மரம். வயது நூற்றுப் பத்து. வேர்மண்ணைச் சுற்றி ஈரச் சாக்கு. பொழுது சாய்வதற்குள் மண்ணில் இறக்காவிட்டால் செத்துப்போகும். வழியெல்லாம் மின்கம்பிகள் அதைப் பார்த்ததும் தாமாகவே உயர்ந்து வழிவிட்டிருந்தன.

தங்கை பாவாயி போனில் கூப்பிட்டாள். நாற்பது கிலோமீட்டர் தள்ளி, மரத்துக்கு வெட்டிய குழியை அவளும் பன்னிரண்டு பெண்களும் விளிம்பைப் பிடித்துத் திறந்து வைத்திருந்தார்கள்.

“அண்ணா, எங்க இருக்கற?”

“சாலை தீந்துபோச்சு.”

“இங்க குழி மூடப் பாக்குது. கையெல்லாம் கடுக்குது. அந்தியூரு அத்தை பிடிய விட்டுட்டு வெத்தல போடப் போயிருச்சு.”

“ஒரு கையால பிடிச்சுட்டு மறு கையால போடச் சொல்லு.”

“நீ ஒரு கையால வண்டி ஓட்டுவியா?”

“மாட்டேன்.”

“அப்பறம் பேசாத.”

சாலை முடிகிற எல்லா இடத்திலும் இருப்பது போல அங்கேயும் ஒரு அலுவலகம் இருந்தது. மணி விலக்கு அலுவலகம், எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட அனுமதி தருகிற இடம். வெளியிலிருந்து பார்த்தால் பெட்டிக்கடை அளவு. உள்ளே காலை வைத்ததும் நடை நீண்டது. இரண்டு பக்கமும் கதவுகள். அவர் நடக்க நடக்கப் புதுக் கதவுகள் முளைத்தன.

கமலவேணி என்ற அலுவலர், சக்கரம் வைத்த மேசையோடு பக்கத்திலேயே உருண்டு வந்தார்.

“என்ன விலக்கு வேணுங்க?”

“எது இருக்குதோ குடுங்க மேடம்.”

“கிட்டத்துச் சவாரி விலக்கு இருக்குது. காலைல போன வண்டி சாயங்காலம் திரும்பிடணும்.”

“திரும்பிருவனுங்க.”

“சரக்கு?”

“மரம் அங்கயே இருந்துக்குமுங்க.”

“அப்ப முழுசாத் திரும்பலையே.” அந்தக் கதவைச் சாத்தினார். நடை இன்னும் கொஞ்சம் நீண்டது.

“உயிருள்ள சரக்குக்கு விலக்கு உண்டு. ஆடு, மாடு, தேனீ.”

“மரத்துக்கும் உயிர் இருக்குதுங்க.”

“இருக்குது. தண்ணி இல்லீனா கத்துமா? கத்தோணும். ரூல்.”

சென்னியப்பன் யோசித்தார். மரம் கத்தி அவர் கேட்டதில்லை. பொய் சொல்லவும் வாய் வரவில்லை.

“கத்தாதுங்க. பேசாமக் காஞ்சுபோகும்.”

கமலவேணி அந்தக் கதவை மெதுவாகச் சாத்தினார்.

“புயல், வெள்ளம் ஏதாச்சும்?”

“வெயிலுங்க.”

“வெயில் எதிர்பார்த்ததுதானே.”

போன் மறுபடி அடித்தது. “அண்ணா, குழி அண்டா வாயளவுதான் இருக்குது.”

“சரக்கைப் பார்த்துடறேன்” என்று சொல்லிக் கமலவேணி வெளியே வந்தார். மரத்தை அடியிலிருந்து நுனி வரை பார்த்தார். பார்த்து முடிக்க நேரமானது.

“தார்ப்பாய் போடலை. தப்பு.”

“லோடுமேனுங்க கொண்டாந்தாங்க. மூச்சு முட்டுமேன்னு நாந்தான் வேண்டாம்னுட்டேன்.”

தப்பு என்று எழுதத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். டேப்பை எடுத்து நிழலை அளந்தார். நிழல் டிரெய்லரைத் தாண்டி, கேபினுக்குள் நுழைந்து, டிரைவர் சீட்டின் மேல் துல்லியமாக விழுந்திருந்தது.

“எப்பயிருந்து?”

“காலைல ஆறு மணியிலிருந்துங்க.”

“சூரியன் அப்ப எதிர்ப்பக்கம் இருந்திருக்குமே.”

“எந்தப் பக்கம் இருந்தாலும் நிழல் என் மேலதானுங்க இருந்துச்சு.”

கமலவேணி தணிந்த குரலில் சொன்னார். “மர நிழல்ல இருக்கற டிரைவர் ஓய்வுல இருக்கறதாக் கணக்கு. அந்த மரம் ஒரே இடத்துல நிக்கோணும்னு ரூல்ல எழுதலை.”

“அப்ப எட்டு மணி நேரமா நான் ரெஸ்ட்டா எடுத்தேன்?”

“ஒரு நிமிஷங்கூட ஓட்டலை.”

“ஓட்டுனது யாருங்க?”

கமலவேணி நிமிர்ந்து நின்றார். நின்றபடியே டிரிப் ஷீட்டில் எழுதினார். ஓட்டுநர்: புளியமரம்.

“அப்ப மரத்துக்கும் மணி முடிஞ்சிருக்குமுங்களே.”

“மரத்துக்கு மணிக்கணக்கு கிடையாது. வருஷக்கணக்குதான். நீங்க ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது, அதை மட்டும் பாத்துக்கோங்க. தொட்டா சாலை நின்னுரும்.”

முத்திரை குத்தியதும் தார்ச் சாலை பாய் விரித்தது போலக் கடைசிவரை ஓடியது. சென்னியப்பன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கை தானாக ஸ்டீயரிங்குக்குப் போனது. சாலை உடனே சுருண்டு முன் சக்கரத்துக்கு வந்தது.

முப்பது வருஷத்தில் அவர் யாருக்கும் ஸ்டீயரிங் கொடுத்ததில்லை. மச்சான் கெஞ்சிக் கேட்டபோதும் கொடுக்கவில்லை.

“அண்ணா” என்றாள் பாவாயி போனில். “சொம்பு வாயளவுதான். இனி எங்களால ஆகாது.”

அவர் இடது கையை எடுத்தார். பிறகு, ஒவ்வொரு விரலாக, வலது கையை. இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டார்.

சாலை மறுபடி விரிந்தது. கியர் விழுந்தது. வண்டி நகர்ந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கியது தெரியவில்லை. வளைவுகளில் ஹாரனுக்குப் பதிலாகக் கிளையிலிருந்த கிளிகள் கத்தின. பஸ்கள் ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, நின்றன. தலைக்கு மேல் ஆயிரக்கணக்கான சின்ன இலைகள் ஒரே சமயத்தில் ஒரு முடிவெடுப்பதை அவர் கேட்டார். இத்தனை நாளும் தான் ஓட்டியதற்கு வேறு ஏதாவது பெயர் இருக்கும் என்று நினைத்தார். ஜன்னல் வழியாக முதல் தடவையாகச் சாலையின் ஓரத்தைப் பார்த்தார். அங்கே எருக்கு பூத்திருந்தது.

போய்ச் சேர்ந்தபோது சூரியன் தரைக்கு ஒரு சாண் மேலே இருந்தது. பன்னிரண்டு பெண்களும் பாவாயியும் முழங்கை வரை மண்ணாக நின்றார்கள். மரத்தைக் கண்டதும் குழி அகன்றது. மரம், பஸ்ஸிலிருந்து இறங்குகிற கனத்த அம்மாளைப் போல, ஒவ்வொரு வேராக ஊன்றி இறங்கியது. மண் அதன் இடுப்பைச் சுற்றி மூடிக்கொண்டது. அந்தியூர் அத்தைகூட வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

சென்னியப்பனும் மடியிலிருந்து கைகளை எடுத்துக்கொண்டு இறங்கினார். பாவாயி அதைப் பார்த்தாள். தொண்டை வறண்டிருந்தது. பாவாயி குடத்தில் தண்ணீரோடு வந்தாள். அவர் கையை நீட்டினார்.

அவள் அவரைத் தாண்டிப் போனாள்.

“ஓட்டிட்டு வந்தவிகளுக்கு மொதல்ல” என்று சொல்லி, தண்ணீரை மரத்தின் அடியில் ஊற்றினாள்.

சென்னியப்பன் நீட்டிய கையை மடக்காமல், தன் முறைக்காக நின்றார்.