ஒரு டம்ளர் பாலுக்கு ரெண்டு கரண்டி

கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்த பத்தொன்பது வருடத்தில், வேலை நாள் ஒன்றில்கூட சித்ராதேவி காலைச் சாப்பாடு சாப்பிட்டதில்லை. அதை ஒரு குறையாகவும் அவள் நினைத்ததில்லை. அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரி. ஐந்து மணிக்கு எழுந்து, புருஷன் ராமருக்கும் மகள் ஆஷாவுக்கும் இட்லி ஊற்றி, மூன்று பேருக்கும் மதியச் சாப்பாடு கட்டி, ஏழே முக்காலுக்குத் தெருமுனைக்கு வரும் கம்பெனி வேனுக்கு ஓடுவதற்குள் அவளுக்கு மிஞ்சுவது ஒரு டம்ளர் டீதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணி டீக்குக் கொஞ்சம் முன்னால், ஓவர்லாக் மிஷினில் குனிந்தவள் நிமிரவில்லை. கையிலிருந்த பனியன் துணியோடு அப்படியே சரிந்தாள். அதே கம்பெனியில் கட்டிங்கில் வேலை பார்த்த ராமர் ஓடி வந்தபோது, தையல் லைனில் இருந்த பெண்கள் அட்டையால் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் எட்டுதான் இருந்தது.

"காலையில என்னம்மா சாப்பிட்டீங்க?" என்றார் டாக்டரம்மா.

"டீ குடிச்சேன்."

"நேத்து?"

"நேத்தும் டீதான்."

டாக்டரம்மா ராமரைத் திரும்பிப் பார்த்தார். மாத்திரை எழுதிக் கொடுத்து, இனி வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகவே கூடாது என்று மட்டும் சொன்னார். ராமர் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் சித்ரா அடுப்படியில் நின்றபடியே இட்லியைப் பிட்டு வாயில் போட்டுப் பார்த்தாள். விடிந்ததிலிருந்து ஆவியில் நின்றவளுக்கு அந்த வாசனையே குமட்டியது. மூன்றாம் நாள் பழையபடி டீதான்.

அடுத்த வாரம் ஒரு காலையில் பால் எடுக்கப் பிரிட்ஜைத் திறந்தவள் திகைத்து நின்றாள். உள்ளே ஒரு கண்ணாடி பாட்டில். மேலே, கட்டிங்கில் துணிக் கட்டுகளுக்கு ஒட்டுகிற ஸ்டிக்கர். அதில் கொட்டை எழுத்தில் 'சித்ரா'.

"ஏங்க, இது என்னத்த வச்சிருக்கீக? தவளை முட்டை கணக்கா இருக்கு."

"சியா விதை. பால்ல ஊறப் போட்டது. ஒனக்குத்தான். வேன்ல போகையில சாப்பிடு."

பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. கரண்டியை விட்டால் அது நட்டுவைத்தது போல நின்றது.

"இத வச்சு போஸ்டரே ஒட்டலாம்ப்பா," என்று ஆஷா சிரித்தாள். ராமரின் முகம் சின்னதாகிவிட்டது. அந்த முகத்துக்காகத்தான் சித்ரா பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டாள். வேனில் இரண்டு வாய் விழுங்கிப் பார்த்தாள். கட்டி கட்டியாக, ருசியே இல்லாமல் தொண்டையில் ஒட்டியது.

மறுநாள் அன்னாசிப்பழம் போட்டிருந்தார். பால் திரிந்து ஒரே கசப்பு. அதற்கடுத்த நாள் வாழைப்பழம். இரவே நறுக்கிப் போட்டதால் விடிவதற்குள் கருத்துப் போயிருந்தது. இத்தோடு விட்டுவிடுவார் என்றுதான் சித்ரா நினைத்தாள். வெந்நீர்கூட வைத்துப் பழக்கமில்லாத மனிதர். ஆனால் நாலாம் நாளும் பாட்டில் இருந்தது.

அன்றைக்கு வேன் ராயபுரத்தைத் தாண்டும்போது மூடியைத் திறந்தாள். கட்டி ஏதும் இல்லை. பேரீச்சம்பழம் பாலில் கரைந்து லேசான இனிப்பு. மேலே மாதுளை முத்துகள், பொடியாக நறுக்கிய கொய்யா. ஜில்லென்று தொண்டையில் வழுக்கிக்கொண்டு போயிற்று. முன்சீட்டிலிருந்து ராமர் திரும்பிப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். கம்பெனி வருவதற்குள் பாட்டில் காலி. அன்று டீக்கு மணி அடித்தபோதுதான் பத்தாகிவிட்டதே அவளுக்குத் தெரிந்தது.

மூன்று மாதம் கழித்து ரத்தம் பார்த்தபோது பத்தரைக்கு ஏறியிருந்தது.

அந்த வாரத்தில்தான், வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் யாழினி ஒரு சாம்பிளை எடுத்துக்கொண்டு மாடி ஆபீஸிலிருந்து லைனுக்கு வந்தாள். சித்ராவின் மிஷின் பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, இப்பத் தேவலீங்களா? சியா புடிச்சுப் போச்சுங்களா?"

"ஒங்களுக்கு எப்பிடிம்மா தெரியும்?"

"அண்ணன் சொல்லலீங்களா? நான் ஆபீஸ்ல பாட்டில்ல வச்சுச் சாப்பிடறதப் பாத்துட்டு, ரத்தம் கம்மியா இருக்கறவங்க சாப்பிடலாமான்னு கேட்டாருங்க. அப்பறம் தெனமும் டீ டைம்ல வந்து, நான் வெளிய வார வரைக்கும் கண்ணாடிக் கதவுகிட்டயே நிப்பாருங்க. மொத நாளு ஒரு டம்ளர் பாலுக்கு அரை டம்ளர் விதை போட்டுட்டாராமா. எனக்குச் சிரிப்புத் தாங்கலீங்க. ரெண்டு கரண்டி போதுங்கண்ணா, போட்டுக் கலக்கி, பத்து நிமிசம் கழிச்சு மறுக்காக் கலக்கோணும்னு சொன்னனுங்க. அன்னாசி பாலுக்கு ஆகாது, வாழப்பழத்தக் காலையில நறுக்கோணும், எல்லாத்தையும் ஒரு சீட்டுல எழுதிக்கிட்டாருங்க."

ஓர் இடத்துக்கு வழி தெரியாவிட்டால் நாலு தெரு சுற்றுவாரே தவிர, யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார் ராமர். அந்த மனிதர், சட்டையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்க, குடிக்க வேண்டிய டீயை விட்டுவிட்டு, ஏசி ஆபீஸ் வாசலில் நாள் தவறாமல் நின்றிருக்கிறார். அவளிடம் மூச்சு விடவில்லை.

யாழினியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நீ நல்லா இருக்கணும் தாயி. ஒனக்கு ஒரு கொறையும் வராது."

"அய்யோ என்னங்க்கா, நான் என்ன பண்ணிட்டனுங்க," என்று அந்தப் பெண் கூச்சத்தோடு சிரித்தாள்.

அன்று சாயங்காலம் சமையல் முடிந்ததும் ராமர் பாலை அளந்து ஊற்றினார். சித்ரா ஒரு மாதுளையை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தாள். யாழினி சொன்னதைச் சொல்லவில்லை. நன்றி என்று ஒரு வார்த்தையை அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிப் பழக்கமில்லை. இந்த வயதில் சொன்னால் இரண்டு பேருக்கும் வெட்கமாகிவிடும்.

"ஒங்களுக்கும் ஒண்ணு ஊறப் போடுங்க," என்றாள்.

"எனக்கு எதுக்கு? இட்லி இருக்குல்ல."

"நாளைக்கு இட்லி கிடையாது. ஆஷாவுக்கு மட்டும் தோசை. நாம கால் மணி நேரம் ஒக்காந்து சாப்பிட்டுட்டுப் போவோம்."

இன்னொரு பாட்டில் இல்லை. ஊறுகாய் பாட்டிலைத்தான் மூன்று தரம் கழுவித் துடைத்துக் கொடுத்தாள்.

காலையில் இரண்டு பேரும் அடுப்படியில் தரையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ராமர் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். மெதுவாக மென்றார். புருவம் உயர்ந்தது.

"அட, நல்லாத்தான் இருக்கு!"

மூன்று மாதமாகத் தினமும் செய்து வைத்தவர், ஒரு நாள்கூட அதை ருசி பார்த்ததில்லை என்பது அப்போதுதான் சித்ராவுக்குப் புரிந்தது. தன் பாட்டிலிலிருந்த கொய்யாவில் பாதியை அள்ளி அவருடையதில் போட்டாள்.

"மெல்லச் சாப்பிடுங்க," என்றாள். "வேன் வர இன்னும் நேரம் இருக்கு."