துண்டு போடுகிற கம்பி

டைல்ஸ் கடைக்குள் செருப்போடு போகக் கூடாது என்பதைப் பிரின்ஸி முன்கூட்டியே கேட்டு வைத்திருக்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் கேட்டு வைத்திருந்தாள். எந்தப் பேருந்தில் படி தாழ்வாக இருக்கும், பழனி நிலையத்திலிருந்து கடை வாசல்வரை ஆட்டோ வருமா, கடைக்குள் உட்கார நாற்காலி உண்டா என்பதுவரை. இந்த ஒன்று தப்பிவிட்டது. செருப்பு வாரின் இறுக்கம் இல்லாமல் தன் கணவன் சைமனின் இடது காலை அவள் நம்புவதில்லை.

“கோயில் ஊருல்ல. டைல்ஸப் பாக்கக்கூடச் செருப்பக் கழட்டித்தான் ஆகணும்,” என்றான் சைமன். அவள் குனிவதற்குள், சுவரைப் பிடித்துக்கொண்டு வலது காலாலேயே இடது செருப்பைத் தள்ளிக் கழற்றினான்.

சென்ற மழைக்காலம்வரை கொடைக்கானலுக்கு வருகிறவர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு எந்தப் பள்ளத்திலும் இறங்கி ஏறியவன். பக்கவாதம் வந்து ஒரு பக்கத்துக் கையையும் காலையும் முடக்கிப் போட்டது. கை பெரும்பாலும் திரும்பிவிட்டது. கால் இன்னும் அவன் சொல்வதைச் சற்றுத் தாமதமாகத்தான் கேட்கிறது. மலைமேல் பேத்துப்பாறையில் அவர்கள் வீட்டுக் குளியலறைக்குச் சிமெண்டுத் தரை. பனியிலும் சாரலிலும் என்றைக்கும் முழுதாகக் காயாமல் ஓரமெல்லாம் பச்சை பிடித்துக் கிடந்தது. ஒரு நாள் உள்ளே வாளி உருண்ட சத்தம் கேட்டது. பிரின்ஸி ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். “வாளி தட்டிருச்சு, நீ போ,” என்று குரல் வந்தது. வெளியே வந்தவனின் முழங்கையில் தோல் உரிந்திருந்தது. அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அன்றிலிருந்து, அவன் குளித்து முடிக்கும்வரை கதவுக்கு வெளியே மூச்சுச் சத்தமும் கேட்காதபடி அவள் நின்றாள். உள்ளே சோப்பு நழுவி விழுந்தாலும் அவள் கை கதவுக்குப் போகும். தாழ்ப்பாளை விலக்கும் சத்தம் கேட்டதும் அடுப்படிக்குப் பாய்ந்துவிடுவாள்.

குளியலறையைப் புதுப்பிக்க அவன் சம்மதித்ததே பெரிது. ஆனால், பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி வைக்கலாமா என்று அவள் வாயெடுத்ததற்கு, “ஆஸ்பத்திரியில கெடந்துட்டுத்தான வந்தேன்? வீட்டையும் ஆஸ்பத்திரி ஆக்கிராத,” என்று சொல்லிவிட்டு ராத்திரிவரை பேசவில்லை. அதனால்தான் அவள் கடைக்காரர் அழகுமலையிடம் முந்தின நாளே போனில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டாள். கைப்பிடிக் கம்பியை அந்தப் பெயரில் காட்டக் கூடாது. துண்டு போடுகிற கம்பி என்றுதான் சொல்ல வேண்டும்.

அழகுமலை அந்த வேடத்தை அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு ஏற்றிருந்தார்.

“வாங்க சார், வாங்கம்மா! மொதல்ல துண்டு போடுற கம்பியப் பாத்துருவமா?”

“குளிக்கவே எடமில்ல, துண்டுக்கு என்ன அவசரம்?” என்றான் சைமன். “டைல்ஸக் காட்டுங்க.”

பிரின்ஸி கடைக்காரரை முறைத்தாள். அவர் இருமிக்கொண்டார்.

கண்ணாடிக்கு வெளியே பழனி வெயில் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. வழவழப்பான வெள்ளை டைல்ஸ் பதித்துக் காட்சிக்கு வைத்திருந்த தாழ்ந்த மேடையில் சைமன் வெறுங்காலோடு ஏறி நின்றான். அவன் முகம் இளகியது.

“ஏய், இங்க வந்து நின்னு பாரு. ஜில்லுன்னு இருக்கு. இதையே போட்ருவோம்.”

மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் செய்கிற பிழை அது. கீழே சுடுகிற காலோடு நின்று தேர்ந்தெடுப்பார்கள். மேலே போய் விறைத்த காலோடு அதன்மேல் நடப்பார்கள். பக்கத்து வீட்டுத் தமயந்தி அப்படித்தான் வாங்கிப் போட்டுவிட்டு, இப்போது டைல்ஸே தெரியாமல் சாக்கை விரித்து வைத்திருக்கிறாள். ஆனால் பிரின்ஸியின் கவலை குளிர் அல்ல. அந்தப் பளபளப்பில் கடை விளக்குகள் தலைகீழாகத் தெரிந்தன. அதில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்பது மட்டுமே அவள் கண்ணுக்குள் ஓடியது.

“கொஞ்சம் சொரசொரப்பா இருந்தா அழுக்குத் தெரியாதுங்க,” என்றாள்.

“அழுக்குப் போகாதுன்னு சொல்லு.”

“ரெண்டுலயும் நல்ல மாடல் இருக்கு சார்,” என்று அழகுமலை இருவருக்கும் பொதுவாகச் சிரித்தார். “இந்தக் கம்பிய மட்டும் ஒரு பார்வை பாத்துட்டீங்கன்னா...”

“என்னண்ணே, கம்பிய விட்டு எறங்க மாட்டேங்குறீங்க!”

வழுக்கும் என்ற சொல் பிரின்ஸியின் தொண்டைவரை வந்து நின்றது. அதைச் சொன்னால் வாளி உருண்ட நாளைச் சொன்னதாகிவிடும். உரிந்த முழங்கையைப் பார்த்ததாகச் சொன்னதாகிவிடும். சொல்லாவிட்டால் அந்த வெள்ளை டைல்ஸ் மலையேறி வீட்டுக்கே வந்துவிடும். அவனே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று பட்டது. பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தாள். கைதவறியதுபோல மேடையின் ஓரத்தில் கொஞ்சம் சிந்தவிட்டாள். பார்த்து, வழுக்கும் என்று கடைக்காரர் சொல்வார், இவன் கேட்டுக்கொள்வான் என்று எதிர்பார்த்தாள். தண்ணீரோ பளபளப்போடு பளபளப்பாகக் கலந்து, இருக்கிற இடம் தெரியாமல் பரவியது.

“பாத்து, பாத்து. பாட்டிலக் குடு,” என்று சைமன் அவளை நோக்கி ஓரடி எடுத்து வைத்தான். இடது கால்.

கால் போன வேகத்துக்கு உடம்பு போகவில்லை. அவன் கை காற்றில் துழாவி, மாதிரிச் சுவரில் பொருத்தியிருந்த கம்பி ஒன்றைப் பற்றியது. அது உண்மையிலேயே துண்டு போடுகிற கம்பி. திருகாணிகளோடும் ஒரு பிடி வெள்ளைப் பொடியோடும் பெயர்ந்து அவன் கையோடு வந்தது. அழகுமலை பாய்ந்து கக்கத்தில் கைகொடுத்துத் தாங்கிக்கொண்டார். பிரின்ஸியால் அசைய முடியவில்லை. பாட்டில் அவள் கையிலிருந்து விழுந்து உருண்டது.

அவனை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கம்பியை அவன் கீழே வைக்கவில்லை. மடியில் கிடத்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“வந்ததுல இருந்து காட்டுறேன் காட்டுறேன்னு நின்னீங்களே, இந்தக் கம்பிதானாண்ணே?”

“ஐயோ, இது இல்ல சார். அது செவத்துக்குள்ள போல்ட்டு எறக்கி மாட்டுறது.” பதற்றத்தில் அழகுமலைக்கு வேடம் மறந்துவிட்டது. “பாதயாத்திர வர்றவங்க மலைப்படி ஏறி எறங்குனா காலு வெடவெடன்னு ஆடும்ல. பூசத்துக்கு முன்னாடி லாட்ஜு லாட்ஜா மாட்டிக் குடுத்தேன். ஆளே தொங்குனாலும் வராது.”

“ஆளு தொங்குற கம்பியில துண்டு எதுக்கு?”

அழகுமலை பிரின்ஸியைப் பார்த்தார். பிறகு, ஃபேனைப் போடுகிற சாக்கில் மெல்ல நகர்ந்து போனார்.

பிரின்ஸி தரையில் குந்தி முந்தானையால் ஈரத்தைத் துடைத்தாள். “கம்பிய அப்பிடிச் சொல்லச் சொன்னது நாந்தான்,” என்றாள். “தண்ணியும் நாந்தான் ஊத்துனேன். கைதவறல. தரை வழுக்கும்னு நீங்களே பாத்துக்கிருவீங்கன்னு... இப்பிடி ஆகும்னு நெனைக்கலங்க.”

“கொல்லப் பாத்துட்டு வெளக்கம் வேற.” அவன் சிரிக்க முயன்றான், உதடு ஒரு பக்கம்தான் ஏறியது. “எந்திரி. சேலையெல்லாம் ஈரமாகுது.”

அவள் எழவில்லை.

“நீ கதவுக்கு வெளிய நிக்கிறது எனக்குத் தெரியும்,” என்றான், கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல். “அடியில சந்து இருக்குல்ல. உன் காலு தெரியும். அந்தக் குளிர்ல வெறுங்காலோட நிப்ப.”

“அப்ப ஏங்க சொல்லல?”

“சொன்னா போயிருவல்ல.”

ஃபேன் சுற்றத் தொடங்கியது. பிரின்ஸி முந்தானையைப் பிழிந்தாள். அதில் பிழிய ஒன்றுமில்லை என்பது பிழிந்த பிறகுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு சைமன் அழகுமலையைக் கூப்பிட்டு, சொரசொரப்பான டைல்ஸை எடுத்து வைத்துத் தண்ணீர் ஊற்றச் சொன்னான். நாற்காலியில் இருந்தபடியே இடது பாதத்தை அதில் அழுத்தி இழுத்துப் பார்த்தான். சாம்பல் நிறம்.

“கல்லறக் கலரு,” என்றான். “இருந்துட்டுப் போகுது. கைப்பிடிக் கம்பி ரெண்டு குடுங்க.”

உற்சாகம் திரும்பிய அழகுமலை, கதவு ஒன்றைத் தட்டிக் காட்டினார். “புது மாடல் சார். அடியில எறும்புகூடப் போகாது.”

“சந்து விட்டுத்தான் மாட்டணும்,” என்றான் சைமன்.

பிரின்ஸி எழுந்து அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவன் பேச்சு தந்த துணிச்சலில், “தாழ்ப்பா வேண்டாம்லங்க?” என்றாள்.

“தாழ்ப்பா இருக்கணும்.”

அவள் பார்வை அவன் முழங்கைக்குப் போனது. சைமன் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

“போட மாட்டேன்,” என்றான். “ஆனா இருக்கணும்.”

அவன் சொன்னால் சொன்னதுதான். அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அழகுமலை பரப்பி வைத்த தாழ்ப்பாள்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் தள்ளிப் பார்த்தாள். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனவற்றை ஒதுக்கினாள். கடைசியில், தள்ளினால் அடுப்படிவரை கேட்கும்போலிருந்த ஒன்றை எடுத்து நீட்டினாள்.